வெள்ளம் வந்தது வயலுக்கு, நட்டஈடு வந்தது கொழும்புக்கு

2025 நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில் ஒரு பிற்பகல், ஹெவ்லொக் டவுனில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டில் இருந்தபோது வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் கணக்கில் 108,000 ரூபா வைப்பிலிடப்பட்டிருந்தது. யார் போட்ட காசு என்று முதலில் விளங்கவில்லை. ஊருக்கு அழைத்து விசாரித்தபோதுதான் தெரிந்தது: 2024 நவம்பர் வெள்ளத்தில் அழிந்த நெல்லுக்கு அரசாங்கம் கொடுத்த நட்டஈடு அது.

அழிந்த நெல்லை நான் விதைக்கவில்லை. அந்த வயலில் நான் கால் வைத்தே ஏழெட்டு வருடங்கள் ஆகின்றன.

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. உம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி. உம்மா மௌத்தான பிறகு நான், தம்பி, இரண்டு சகோதரிகள் என நால்வருக்கும் உரியது. மீராத் பிரித்து எழுதவில்லை. எழுத வேண்டும் என்று ஒவ்வொரு பெருநாளிலும் பேசுவோம். கமநல சேவை நிலையத்தில் யாராவது ஒருவருடைய பெயர் இருக்க வேண்டும் என்பதற்காக மூத்தவன் என்று என் பெயரைப் போட்டார்கள். செய்கை பண்ணுபவர் எங்கள் ஊர்க் காக்கா ஒருவர். பன்னிரண்டு வருடங்களாக அவர்தான் குத்தகைக்குச் செய்கிறார். எழுத்தில் ஒன்றும் கிடையாது.

மூன்று நாள் கழித்துக் காக்காவே அழைத்தார். "தம்பி, வெள்ளக் காசு வந்திட்டாம் எண்டு வட்டைக்குள்ள கதைக்கிறாங்க. உங்கட பேருக்குத்தானே வந்திருக்கும்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. கூச்சம்தான் இருந்தது. தன் காசைக் கேட்க அவர் கூச்சப்பட்டார்.

அந்தக் காசை ஏழு வாரங்கள் நான் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், வெள்ளம் ஒருவருடைய வயலை அழிக்க நட்டஈடு இன்னொருவருடைய கணக்குக்கு எப்படி வருகிறது என்பதை விளக்க வேண்டும். இது எங்கள் குடும்பத்தோடு முடிகிற கதையல்ல. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கட்டாரிலும் லண்டனிலும் இருந்துகொண்டு கிழக்கில் வயல் வைத்திருக்கும் நம்மில் எத்தனையோ பேருடைய கதை.

இலங்கையில் பயிர்க் காப்புறுதி புதிய விடயமல்ல. 1958 இல் நெல்லுக்குப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1961 இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது, 1973 இல் ஒரு சபை அமைந்தது. இன்றைய கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. விவசாயி விரும்பிப் பணம் கட்டிச் சேரும் காப்புறுதி இங்கே ஒருபோதும் பெரிதாக ஓடவில்லை. அதனால் காலப்போக்கில் அது உர மானியத்தோடு பிணைக்கப்பட்டது. மானியப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு அடிப்படைக் காப்புறுதியும் உண்டு. நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய், சோயா ஆகிய ஆறு பயிர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா வரை என்பதுதான் 2024 வெள்ளத்தின்போதும் பேசப்பட்ட தொகை. 40,000 என்பது உச்சவரம்பு. எவ்வளவு அழிந்தது, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று பார்த்துத்தான் கணக்கிடுவார்கள்.

இது அரசாங்கத்தின் தர்மம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 2013 முதல் வங்கிகள், நிதி நிறுவனங்கள், காப்புறுதிக் கம்பனிகள் வரிக்குப் பிந்திய இலாபத்தில் 1 சதவீதத்தைப் பயிர்க் காப்புறுதி அறவீடாகச் செலுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த அறவீடு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. ஒரு காரியத்துக்கென்று குறித்து அறவிட்ட காசு அது. அழிந்த பயிருக்குரியவரிடம் போய்ச் சேரும்போதுதான் அந்தக் காரியம் நிறைவேறுகிறது.

பயிருக்குரியவர் யார் என்பதை முடிவு செய்வது கமநல சேவை நிலையத்தின் பதிவேடு. ஏக்கர் வரி யாருடைய பெயரில் கட்டப்படுகிறதோ, உர மானியம் யாருடைய கணக்குக்குப் போகிறதோ, அவரே அரசாங்கத்தின் கண்ணில் விவசாயி. 2024/25 பெரும்போகத்தில் உர மானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாவாக, இரண்டு ஹெக்டயர் வரைக்கும், நேரே வங்கிக் கணக்குக்கு வந்தது. எங்கள் ஐந்து ஏக்கருக்குரியதும் என் கணக்குக்கே வந்தது. அதைக் காக்காவுக்கு அனுப்பினேன். முன்பு உரத்தை மூடையாகக் கொடுத்த காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. யூரியா மூடையைக் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு வந்து தொடர்மாடியில் வைத்து யாரும் என்ன செய்யப் போகிறார்கள்? மூடை வயலுக்குத்தான் போகும். காசு அப்படியல்ல, அது பெயரைத் தேடிப் போகிறது.

வெள்ளம் வந்தபின் நடப்பதும் இதே பதிவேட்டின் மீதுதான். 2024 நவம்பர் 25, 26, 27 ஆகிய நாட்களில் அம்பாறை மாவட்டம் எப்படி இருந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 26 ஆம் திகதிதான் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்களை இழந்தோம். அந்த ஜனாஸாக்களுக்கு முன்னால் வயலைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அதே நாட்களில்தான் விதைத்து ஒரு மாதம்கூட ஆகாத பயிர்கள் வட்டை வட்டையாகத் தண்ணீருக்குள் கிடந்து அழுகின. எங்கள் ஐந்து ஏக்கரில் பள்ளப்பக்கத்து மூன்று ஏக்கர் முழுதாகப் போனது.

தண்ணீர் வடிந்ததும் விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும். கமக்காரர் அமைப்பு உறுதிப்படுத்த வேண்டும். பிறகு காப்புறுதிச் சபையின் உத்தியோகத்தரும் கமநல உத்தியோகத்தரும் வந்து பார்த்து அழிவை மதிப்பிட வேண்டும். இதற்கெல்லாம் ஓடித்திரிந்தவர் காக்கா. பட்டியல் என் பெயரில் இருந்ததால் கையொப்பத்துக்காகப் படிவத்தை பஸ்ஸில் ஒருவரிடம் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். நான் வெள்ளவத்தையில் போய் வாங்கிக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினேன். என் பங்களிப்பு அவ்வளவுதான். அதற்குள் அவர் அழிந்த மூன்று ஏக்கரிலும் கடனுக்கு விதைநெல் வாங்கி மறுவிதைப்புச் செய்திருந்தார். உழவு, விதை, உரம், கூலி என்று வெள்ளத்துக்கு முன்பே கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் போட்டிருந்தார்.

காக்காவின் பெயரையே பதிவேட்டில் போட்டிருந்தால் இந்த வேலை ஒன்றும் இல்லையே என்று கேட்பீர்கள். நாங்கள் போடவில்லை. பயம்தான் காரணம்.

1958 ஆம் ஆண்டு பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்குச் செய்கிறவனை நினைத்த நேரத்தில் வயலை விட்டு எழுப்ப முடியாது என்றது. நோக்கம் நல்லது. ஆனால் காணிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பெயர் பதிவாகிவிட்டால் அவனை அசைக்க முடியாது என்று பயந்து ஆயிரக்கணக்கான செய்கையாளர்களை வெளியேற்றினார்கள். மிச்சமிருந்தவர்களிடம், செய், ஆனால் பெயர் பதியாதே என்றார்கள். அந்தப் பயம் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தீரவில்லை, இன்று நடைமுறையிலிருக்கும் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் தீரவில்லை. குத்தகைச் செய்கையாளர் என்று ஒருவர் பதிவானால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த உரிமை அவருக்குப் பின் வாரிசுக்கும் போகக்கூடும். ஆகவே எங்கள் வாப்பா, அவருக்கு முன் மூத்தப்பா, எல்லோரும் ஒரே விதமாகத்தான் நடந்துகொண்டார்கள்: சலாம் சொல்லி, தேநீர் கொடுத்து, கை கொடுத்து வாய்ப்பேச்சில் குத்தகை. தாளில் ஒன்றும் வராது. ஆளை மாற்ற வேண்டியதில்லை என்றால்கூட இரண்டு மூன்று போகத்துக்கு ஒரு தடவை கணக்கை முடித்துப் புதிதாகப் பேசுவார்கள், பழகிய உரிமை என்று ஒன்று உருவாகிவிடக்கூடாது என்பதற்காக.

இப்படி ஏழைச் செய்கையாளனைக் காப்பாற்ற வந்த சட்டம், அவனைப் பதிவேட்டில் இல்லாத ஆளாக்கியது. நட்டஈடு பதிவேட்டைப் பின்பற்றி வருகிறது. இரண்டும் சேர்ந்து, இழப்பு இல்லாதவனுக்குக் காசையும் இழந்தவனுக்குக் கூச்சத்தையும் கொடுக்கின்றன.

இனி அந்த ஏழு வாரங்களுக்கு வருகிறேன்.

எங்கள் குத்தகை ஏக்கருக்குப் போகத்துக்கு 36,000 ரூபா. மொத்தம் 180,000. பாதியை உழவுக்கு முன் தந்துவிட்டார். மீதி 90,000 வேளாண்மை வெட்டிய பிறகு தர வேண்டும். வெள்ளத்தால் தர முடியவில்லை. நட்டஈடு வந்ததும் குடும்ப வாட்ஸ்அப்பில் தம்பி எழுதினான்: 108,000 இல் பாக்கிக் குத்தகை 90,000 ஐக் கழித்துக்கொண்டு 18,000 ஐக் காக்காவுக்கு அனுப்பிவிடலாம். கணக்கு சரிதான். அதில் களவு இல்லை, பொய் இல்லை. நானும் சரி என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அனுப்பவும் மனம் வரவில்லை, முழுதாகக் கொடுக்கவும் மனம் வரவில்லை. இப்படியே நாட்கள் போயின.

எங்கள் மஹல்லாவில் ஒரு மௌலவியிடம் கேட்டேன். நான் எதிர்பார்த்த ஒற்றைச் சொல் பதிலை அவர் தரவில்லை. மரத்தில் இருக்கும் கனியை ஒருவருக்கு விற்ற பிறகு அனர்த்தம் தாக்கி அது அழிந்தால், விற்றவர் அந்த விலையை எடுப்பதைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை நினைவூட்டினார். அந்த விலையை விட்டுக்கொடுப்பது கட்டாயம் என்று மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் சொல்லப்படுகிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது விரும்பத்தக்கது, கட்டாயமல்ல. அதோடு அது கனி விற்பனை பற்றியது. காணிக் குத்தகையின் சட்டம் வேறு, அதை அப்படியே இதில் பொருத்திவிட முடியாது என்றார். ஆகவே பாக்கிக் குத்தகையைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, விட்டுக்கொடுத்தால் நன்மை இருக்கிறது என்றார். நானும் சற்று ஆறுதலடைந்தேன்.

எழும்பப் போகும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "நல்லா விளைஞ்ச வருசத்துல அந்த நெல்லுக்கு ஸகாத் யார் குடுக்கிற?"

காக்காதான் கொடுக்கிறார். குத்தகைக் காணியின் விளைச்சலுக்கு ஸகாத் பயிருக்குச் சொந்தக்காரர் மீது என்பதுதான் ஷாபிஈ உட்பட பெரும்பாலான இமாம்களின் கருத்து. இமாம் அபூஹனீபா மட்டும் காணிக்காரர் மீது என்கிறார். நாங்கள் ஒருநாளும் அந்த நெல்லுக்கு ஸகாத் கொடுத்ததில்லை. பயிர் அவருடையது என்பதுதான் எங்கள் நியாயம். அப்படியானால் பயிர் அழிந்ததற்கு வந்த காசு யாருடையது? குத்தகைப் பாக்கி எங்களுக்கும் அவருக்கும் இடையிலான கடன். நட்டஈடு அவருடைய காசு, தவறான கணக்குக்கு வந்திருக்கிறது. கடன்காரனுடைய காசு தற்செயலாக நம் கைக்கு வந்தது என்பதற்காக அவனைக் கேட்காமல் கழித்துக்கொள்ளலாமா? இந்த இரண்டையும் நாங்கள் ஒரே பையில் போட்டுக் குழப்பியிருந்தோம்.

108,000 ஐயும் அன்றே அனுப்பினேன். பாக்கிக் குத்தகையைப் பொறுத்தவரை, அழிந்த மூன்று ஏக்கருக்குரிய 54,000 ஐ விட்டுவிடலாம் என்று குடும்பத்தில் கேட்டேன். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தவருடைய பங்கை நான் தானம் செய்ய முடியாது. ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று என்று பிரித்தால் அதில் என் பங்கு 18,000. அதை மட்டும் விட்டேன். ஒரு ராத்தா தன் 9,000 ஐ விட்டார்.

காக்காவுக்காவது கேட்க ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. அதுவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்தபின் முசலிப் பக்கம் திரும்பிப் போய்ச் செய்கை பண்ணும் குடும்பங்களில் காணிப் பத்திரம் தொலைந்தவர்கள் உண்டு. பல வருடங்களாக வன இலாகாவோடு இழுபறியில் இருக்கும் வட்டமடு போன்ற இடங்களில் செய்பவர்கள் உண்டு. காணியே சர்ச்சையில் இருந்தால் பதிவு எங்கே, காப்புறுதி எங்கே? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மன்னாரும் புத்தளமும் கண்டியும் அழிந்தபோது முந்திய ஆண்டைவிடக் கூடிய தொகைகள் அறிவிக்கப்பட்டன. தொகை கூடக்கூட, பெயர் யாருடையது என்ற கேள்வியும் பெரிதாகிறது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் விவசாயத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகங்கள் ஊடாக அனர்த்த உதவி வழங்கப்படுகிறது. அங்கே கேட்கப்படும் கேள்வி, காணி யாருடையது என்பதல்ல. பயிரின் இலாப நட்டத்தில் உங்களுக்குப் பங்கு இருக்கிறதா என்பது. காசுக்குக் குத்தகை வாங்கும் காணிக்காரருக்கு நட்டத்தில் பங்கு இல்லை, ஆகவே அவருக்கு உதவியும் இல்லை. விளைச்சலில் வாரம் வாங்குபவருக்கு அவருடைய பங்களவுக்கு உண்டு. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் என் பதில் இல்லை என்பதாகத்தான் இருந்திருக்கும். அங்கே யார் எவ்வளவு பெற்றார்கள் என்பதை ஒரு தன்னார்வ அமைப்பு இணையத்தில் பெயரோடு வெளியிடுகிறது. அந்த வெட்கத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான வழி ஆந்திராவில் இருக்கிறது. 2019 இல் அங்கே பயிர்ச் செய்கையாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். காணிக்காரர் சம்மதித்தால் செய்கையாளருக்கு ஓர் அட்டை. அது பதினொரு மாதத்துக்கு மட்டும் செல்லும். அட்டையை வைத்துப் பயிர்க்கடன், காப்புறுதி, நட்டஈடு பெறலாம். காணியில் உரிமை கோர முடியாது. காணிக்காரர் சம்மதம் தேவை என்பதால் அங்கும் எல்லோருக்கும் அட்டை கிடைப்பதில்லை. ஆனாலும் நம்முடைய பழைய பயத்துக்கு அதில் நேரடியான பதில் இருக்கிறது. இந்தியாவின் மத்திய அரசு கொடுக்கும் பிஎம் கிஸான் உதவித் தொகையோ நம்முடையதைப் போலத்தான், காணி பெயரில் இருப்பவருக்கு மட்டும்.

இலங்கையிலும் போகத்துக்குப் போகம் செல்லுபடியாகும் ஒரு செய்கையாளர் பதிவை, குத்தகை உரிமையிலிருந்து பிரித்துக் கொண்டுவர முடியும். கிழக்கிலிருந்து பாராளுமன்றம் போனவர்கள் நட்டஈடு தாமதமாகிறது, போதாது என்று பேசுகிறார்கள், நியாயம்தான். யாருக்குப் போகிறது என்று பேசுவது குறைவு. அவர்களிலும் ஆதரவாளர்களிலும் வயல்காரர்கள் நிறையப் பேர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நான் சொல்லக்கூடிய இடத்தில் இல்லை, நானும் வயல்காரன்தான்.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியவை உண்டு. குத்தகையை ஒரு தாளிலாவது எழுதி, அனர்த்த நட்டஈடு செய்கையாளருக்கே உரியது என்று அதில் ஒரு வரி சேர்க்கலாம். வாசகத்தைச் சட்டத்தரணியிடம் காட்டிக்கொள்வது நல்லது. பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஸகாத் திரட்டும்போது வயல்காரர் விபரம் வைத்திருக்கின்றன. வெள்ளக் காசு வந்த பருவத்தில் ஒரு ஜும்ஆவில் இதை நினைவூட்டலாம். தன் வயலின் பெயரில் யாருக்குக் காசு போனது என்று தெரியாத செய்கையாளர், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். ஆனால் அடுத்த போகத்துக்கும் அதே காணிக்காரரிடம் குத்தகை கேட்கப் போகிற ஒருவர் இப்படி எழுதுவாரா என்பது வேறு விடயம்.

2025/26 பெரும்போகம் தொடங்கும்போது, பட்டியலில் செய்கையாளராகக் காக்காவின் பெயரைப் போட வேண்டும் என்று ஊருக்குப் போய்க் கேட்டேன். காணி பிரிக்கப்படாததால் நான்கு பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். நான் கையொப்பமிட்டேன். சகோதரிகள் இருவரும் இட்டார்கள். கட்டாரில் இருக்கும் தம்பி, வாப்பா இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாரா என்று கேட்டான். இல்லை, செய்திருக்க மாட்டார் என்று சொன்னேன். கடிதம் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. நவம்பர் கடைசியில் பெய்த மழையில் எங்கள் வட்டைக்குள் நின்ற தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டது என்று காக்கா சொன்னார். பட்டியலில் இந்தப் போகமும் என் பெயர்தான் இருக்கிறது.